எடுக்காத பொட்டலம்

அம்மன் பெயரைச் சொல்லி என் மகனை ஏமாற்றியவள் நான். அவன் எந்த ஊரில் பிழைக்க வேண்டும் என்று அம்மன் சொல்லவில்லை. நான் சொன்னேன்!

ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது அல்லவா...

வடக்கனந்தல் பக்கம் எங்கள் ஊர். என் மகன் சேகர் ஏசி மெக்கானிக். எட்டு வருடத்துக்கு முன்பு, ஒரே மாதத்தில் இரண்டு இடத்திலிருந்து அவனுக்கு வேலை வந்தது. மஸ்கட் என்றால் தனியாகப் போக வேண்டும். ஆனால் நம் பக்கத்து ஆட்கள் அங்கே உண்டு. மெல்போர்னில் தெரிந்த முகமே இல்லை. ஆனால் மனைவி தேவியையும் இரண்டு வயது மகள் கயலையும் கூட்டிப் போய் அங்கேயே இருந்துவிடலாம். அவனுக்கு மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை.

"பூக் கட்டிப் பாத்துடலாம்மா" என்றான்.

எங்கள் வழக்கம் அது. வெள்ளரளி ஒரு வாழையிலைத் துண்டில், செவ்வரளி இன்னொன்றில். நார் சுற்றி அம்மன் காலடியில் போட வேண்டும். வீட்டுக்கு மூத்தவள் கட்டுவாள், மருமகள் ஒன்றை எடுப்பாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால் மெல்போர்ன், சிவப்பு வந்தால் மஸ்கட் என்று பேசிக்கொண்டோம்.

நான் இரண்டிலும் சிவப்பை வைத்துக் கட்டினேன்.

ஏன் செய்தேன்? கயல் என் வயிற்றின் மேல் காலைப் போட்டுத்தான் தூங்குவாள். அந்தக் கால் இல்லாத பாயை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை... அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா!

சிவப்பு வந்தது. எடுக்காத பொட்டலத்தைக் கிணற்றில் போட்டது தேவிதான்.

அவன் போனான். ஓர் அறையில் ஆறு பேர், மேல் கட்டில் அவனுக்கு. இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. முதல் தடவை வந்தபோது கயல் என் காதில், அந்த மாமா எப்போது போவார் என்று கேட்டாள். சேகர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். காதில் விழுந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது...

நடுவில் வேறு ஊர்களுக்குக் கூப்பிட்டார்கள். அவன் அசையவில்லை. "அம்மன் காட்ன ஊரும்மா. நாம இஷ்டத்துக்கு வுட்டுட்டுப் போறதா?" என்பான் போனில். அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா நான்? வாய் வரைக்கும் வரும்... விழுங்கிவிடுவேன்.

போன தை மாதம் மெல்போர்னிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. லீவில் வந்தவன், பழையபடி பூக் கட்டச் சொன்னான். "நீயே கட்டும்மா, உன் கைதான் சுத்தம்" என்றான்.

இந்தத் தடவை இரண்டிலும் வெள்ளை வைத்தேன்.

தேவி எடுத்தாள். வெள்ளையைப் பார்த்ததும் சேகர் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதான். நாற்பது வயது ஆண்பிள்ளை... அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேவி மற்றப் பொட்டலத்தோடு கிணற்றடிக்குப் போனாள். எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் முழங்கை அசைந்தது. நாரைப் பிரிக்கிறாள்! எழுந்து ஓட நினைத்தேன்... கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்றாள். பிறகு கிணற்றில் விட்டுவிட்டு வந்து, என் பக்கத்தில் குந்தினாள்.

"அன்னிக்கும் நீங்கதான கட்னீங்க, அத்தே?"

மெதுவாகத்தான் கேட்டாள். நான் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நார்க் கறை ஒட்டியிருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சேகரிடம் போய், "வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

மூவரும் மெல்போர்னுக்குப் போய்விட்டார்கள். சேகருக்கு இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால் வாரம் தவறாமல், அம்மனுக்கு விளக்குப் போட்டாயா என்று என்னையே கேட்பானா?

ஞாயிற்றுக்கிழமை தேவி கூப்பிடுவாள். சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா என்று கேட்பாள். போனைக் கயலிடம் கொடுத்து வாங்குவாள்.

"வேற இன்னாங்க அத்தே?" என்பாள் கடைசியில்.

சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாள். போனை வைக்க மாட்டாள். அவள் மூச்சு கேட்கும்... எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

"ஒண்ணும் இல்லம்மா" என்கிறேன்.