குழாய் போட்ட மைனர் எந்த வகுப்பு?

1. வந்தபடியே இருக்கும் கார்

கல்முனையில் கராஜ் வைத்திருந்த காலத்தில் எனக்கு ஒரேயொரு நாள் உத்தியோகப் பட்டம் கிடைத்தது. வாகனப் பரிசோதகர். சம்பளம், பகல் சாப்பாடும் ஒரு போத்தல் சோடாவும். அந்த ஒரு நாளில் படித்ததை நாற்பது வருடக் கராஜ் வேலையில் நான் படிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து மூன்றாவது வருடம். சிறுபோக வெள்ளாமை அறுத்து முடிந்திருந்தது. சம்மாந்துறைப் பக்கம் ஒரு பெரிய வயலில் வரம்பைக் கொத்திச் சமப்படுத்தி, தார்ப்பீப்பாக்களை வளைவு வளைவாக வைத்து, ஒரு கார் ஓட்டப் போட்டி நடத்தினார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். பீப்பாவைத் தட்டாமல் வளைந்து வளைந்து குறைந்த நேரத்தில் வருபவருக்கு வெற்றி. நடத்தியவர் தங்கராசா ஐயா. அம்பாறையில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர், என் கராஜின் வாடிக்கையாளர். அவர் இதை ஓட்டோகுரொஸ் என்றார். சனம் பீப்பா ஓட்டம் என்றது.

கார்களை மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தார். கம்பனியிலிருந்து வந்தபடியே இருக்கும் கார் ஏ வகுப்பு. டயர், ஸ்பிரிங், சீட் போன்றவற்றில் சின்ன மாற்றம் செய்தது பீ வகுப்பு. இஞ்சினில் கைவைத்தது, பொடியை, அதாவது காரின் கூட்டை, வெட்டியது, பொடிக்குள் இரும்பு வைத்துப் பலப்படுத்தியது எல்லாம் சீ வகுப்பு. ஒவ்வொரு காரின் பொனற்றையும் திறந்து பார்த்து வகுப்பைச் சொல்வது என் வேலை.

சொல்ல லேசு. சூறாவளிக்குப் பிறகு எங்கள் கரையில் வந்தபடியே இருந்த கார் எது? தென்னை விழாத கார் இல்லை. ஒரு காரின் கதவு இன்னொரு காரில், அதன் மட்காட் மூன்றாவது காரில். ஐயாவிடம் கேட்டேன். அதே மொடல் காரின் சாமான் என்றால் எந்தக் காரிலிருந்து கழற்றியிருந்தாலும் பரவாயில்லை என்றார். நியாயமான தீர்ப்பு.

அடுத்தது மண்ணெண்ணெய். பெற்றோல் விற்ற விலைக்கு அந்நாளில் பலரும் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் ஓட்டினார்கள். அதற்காக இஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இன்னொரு கஸ்கட் தகடு கூட்டி வைப்போம். இஞ்சினின் பலம் குறையும், புகை கூடும். அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு கணக்கு வாத்தியாரின் காரில் அதைக் கண்டு சீ வகுப்பு என்றேன். மனிதருக்குப் பொறுக்கவில்லை.

"பலத்தக் குறைச்சிட்டு வந்து நிக்கிறன். அதுக்கும் தண்டனையா?"

"கூட்டினதா குறைச்சதாண்டு விதி கேக்கல்ல சேர். மாத்தினதா இல்லையாண்டுதான் கேக்கிது."

முறைத்துப் பார்த்தார். பிறகு தன் கூட்டாளிகளோடு அந்த இடத்திலேயே ஹெட்டைக் கழற்றி, கூடுதல் கஸ்கட்டை எடுத்துவிட்டு ஏ வகுப்புக்கு வந்தார். மாற்றியதைப் பழையபடி ஆக்கினால் வகுப்பும் பழையபடி ஆகும். அதுவும் விதியில் இருந்தது.

2. குழாய்

அதற்குப் பிறகு வந்த மொறிஸ் மைனர் காரை நான் பரிசோதிக்கத் தேவையே இல்லை. அதில் இருந்த மாற்றத்தைச் செய்தவனே நான்தான்.

அதன் சொந்தக்காரர் அலியார் காக்கா, கல்முனையில் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, கார் ஓடுபவர். சூறாவளி இரவில் வீட்டு ஓடு பறக்கத் தொடங்கியதும், இரும்பு வீட்டை விடக் காவல் என்று நினைத்து, மனைவியையும் ஒரே மகனையும் முற்றத்தில் நின்ற காரின் பின்சீட்டில் ஏற்றியிருக்கிறார். தென்னை காரின் கூரையில் விழுந்தது. அவர் மனைவி ஆசியா ராத்தாவுக்குத் தோள் முறிந்தது. மகன் தாய் மடியிலேயே மூச்சடங்கி மௌத்தாகிவிட்டான்.

கூரையை நிமிர்த்தி, பாதியைப் புதிதாக அடித்து, காரை நான் ஓட வைத்தேன். ராத்தா ஏற மாட்டேன் என்றுவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தோளைக் காட்டப் போவதும் பஸ்ஸில்தான். காக்கா ஒரு நாள் சூறாவளி பிடுங்கிப் போட்ட குழாய்க்கிணற்றுக் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு கராஜுக்கு வந்தார். அதை வளைத்து, முன்சீட்டுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை வில்லாக வைத்து, கூரைக்கு அடியில் குறுக்கே இன்னொன்று ஓட்டி, வெல்டிங் அடித்துக் கொடுத்தேன். ராத்தா வந்தார். குழாயை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. ஏறிக்கொண்டார்.

மனைவி ஏறினாலும் ஊர் ஏறவில்லை. மௌத்து விழுந்த கார் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சந்தைக்கு மூட்டை ஏற்றக் கூப்பிடுவார்கள். கலியாணத்துக்கு ஒருவரும் கூப்பிடுவதில்லை. மாப்பிள்ளை போகாத ஹயரிங் காருக்கு எங்கள் ஊரில் என்ன பிழைப்பு? அதனால்தான் காக்கா பீப்பா ஓட்டத்துக்கு வந்தார். இத்தனை சனத்துக்கு முன்னால் அந்தக் கார் வென்றதென்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். ஏ வகுப்பில் அவரால் அது முடியும். கல்முனைச் சந்தைக்குள் கார் ஓட்டிப் பழகியவருக்கு இந்தப் பீப்பாவெல்லாம் ஒரு கணக்கா?

நான் குழாயைக் காட்டி, "காக்கா, இது சீ வகுப்பு" என்றேன்.

"தம்பி, இந்தக் குழாய் காருக்குப் பாரம்தானே? இதால வேகம் கூடுமா?"

பக்கத்தில் நின்ற ஐயா பதில் சொன்னார். "வேகம் கூடாது. ஆனா வளைவில பொடி முறுகாது. கார் சொன்ன சொல் கேக்கும். அது லாபம்தானே?"

உண்மைதான். பழைய மைனரை வேகமாகத் திருப்பினால் கதவுகள் கிரீச்சிடும். இந்த மைனரில் அந்தச் சத்தம் இல்லை.

சீ வகுப்பில் பலம் கூட்ட இஞ்சின் ஹெட்டைச் சீவி, இரட்டைக் காபரேட்டர் போட்ட கார்கள் நின்றன. அவற்றோடு ஓடினால் காக்கா கடைசியில்தான் வருவார். அதே பெயர் இன்னும் கெட்டியாக ஒட்டும்.

ஐயா நல்ல மனிதர். அவருக்கு அந்தக் காரின் கதை தெரியாது. "வாத்தியார் கஸ்கட்டக் கழட்டினது மாதிரி இதையும் வெட்டி எடுங்க. போட்டி முடிஞ்ச பிறகு திரும்ப ஒட்டலாம். மெக்கானிக் பாஸுக்கு அது பெரிய வேலையா?" என்றார்.

பெரிய வேலை இல்லை. காஸ் கட்டர் என்னிடம் இருந்தது. காக்கா என் முகத்தைப் பார்த்தார். "வெட்டு தம்பி" என்றார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"ராத்தாட்டக் கேக்காம நான் கட்டரத் தொட மாட்டன்" என்றேன்.

3. வாய்க்கால் ஓரம்

ராத்தா வாய்க்கால் ஓரத்து மருதமர நிழலில் மற்றப் பெண்களோடு இருந்தார். நாங்கள் வருவதைக் கண்டு எழுந்து, கொஞ்சம் தள்ளி வந்தார்.

"புள்ள, அந்தக் குழாய வெட்டினா ஏ வகுப்பில ஓடலாமாம்" என்றார் காக்கா.

ராத்தா தூரத்தில் நின்ற காரைப் பார்த்தார். பிறகு, "வெட்டுங்க. உங்கட கார்தானே. நான் பஸ்ஸில ஊட்டுக்குப் போறன்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் காக்காவுக்கு லேசாக இருந்திருக்கும்.

"பின்னேரமே திரும்ப ஒட்டித் தருவான்."

"வெட்டி ஒட்டின குழாய நான் எப்பிடி நம்புற?"

"நம்மட காரச் சனம் என்ன சொல்லுதெண்டு ஒனக்குத் தெரியும்தானே. ஒரு கலியாணத்துக்குக் கூப்பிடுறானுகளா?"

"தெரியும்."

காக்கா குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராத்தா என் பக்கம் திரும்பினார். "குழாயோட ஓட ஏலாதா தம்பி?"

"ஓடலாம் ராத்தா. சீ வகுப்பில. அதில நிக்கிறதெல்லாம் பெரிய இஞ்சின் வேலை செஞ்ச கார். காக்காக்கு வெல்ல ஏலா." விதியை அரைவாசியில் நிறுத்த மனம் வரவில்லை. பரிசோதகன் அல்லவா? மிச்சத்தையும் சொன்னேன். "ஏ வகுப்பில ட்ரைவர் மட்டும்தான் ஏறலாம். உள்ளுக்குக் குழாய் போட்ட காரெண்டா பக்கத்தில இன்னொராளும் இரிக்கலாம். அது ஒண்டுதான் வித்தியாசம்."

"யாரும் இரிக்கலாமா?"

"பெரியாள் எண்டா போதும்."

"அப்ப நான் ஏறுறன்."

காக்கா நிமிர்ந்தார். "சனம் பாக்கும் புள்ள."

"பாக்கட்டும். பாக்கத்தானே வேணும்."

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். இந்த முறை அந்தக் காரின் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தான் எழுதிய விதியைத் தானே இரண்டு தரம் வாசித்தார். "ஆம்பிள எண்டு நான் எழுதல்ல" என்று மெல்லச் சொல்லிவிட்டு, தன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார். லொறிப் படங்கு கட்டும் பட்டியால் முன்சீட்டுக்கு நான் ஒரு பெல்ட் கட்டினேன். ராத்தா முக்காட்டை இறுக்கி, அதற்கு மேல் ஹெல்மெட்டைப் போட்டு, ஏறி உட்கார்ந்தார். இடது கை பின்னால் போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டது.

காக்கா கலியாணக் கார் போல மெதுவாகத்தான் தொடங்கினார். மூன்றாம் பீப்பாவில் ராத்தா ஏதோ சொன்னது தெரிந்தது. அதற்குப் பிறகு இஞ்சின் சத்தம் மாறியது. அந்த மைனர் அப்படி வளைந்து நான் கண்டதில்லை. ஒரு பீப்பாவும் ஆடவில்லை. சீ வகுப்பின் மற்றக் கார்கள் ஓடும்போது கூவிய சனம் இதற்குக் கூவவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வாய்க்குள் நபி பேரில் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு நின்றார்.

நேரக் கணக்கில் கடைசியாகத்தான் வந்தார்கள். ஒலிபெருக்கியில் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை. ராத்தா இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மருதமர நிழலுக்கு நடந்தார். அங்கிருந்த பெண்கள் அவருக்கு நடுவில் இடம் விட்டார்கள்.

ஓடும்போது என்ன சொன்னார் என்று பிறகு காக்காவிடம் கேட்டேன். "எனக்குப் பயமில்ல, ஓட்டுங்க" என்றாராம்.

4. கற்றது

சில கிழமை கழித்துச் சம்மாந்துறையிலிருந்து ஒருவர் கராஜுக்கு வந்து அலியாரின் கார் எங்கே நிற்கும் என்று விசாரித்தார். தங்கச்சிக்குக் கலியாணமாம், மாப்பிள்ளையைக் கூட்டி வரக் கார் வேண்டுமாம். நான் பொய் சொல்லப் பழகாதவன். "அது அந்த மைனர்தான். தெரியும்தானே?" என்றேன்.

"தெரியும். பெத்தவளே ஏறி ஓடினதக் கண்ணால கண்டம். நமக்கு என்ன வந்தது?" என்றார்.

கராஜ் தொழிலுக்கு வரும் தம்பிமாருக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். காரில் எதை மாற்றினாலும் அது எங்கோ ஓரிடத்தில் கணக்கில் வரும். அதை மறைக்காதீர்கள், வளைக்காதீர்கள். ஆனால் கூடாது என்று சொல்லும் வரியோடு தாளை மடிக்கவும் வேண்டாம். மிச்சத்தையும் வாசித்து, வந்தவருக்குச் சொல்லிவிடுங்கள். எது தேவை என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கலியாணத்துக்கு முதல் நாள் காக்கா காரைப் பார்க்கக் கொண்டுவந்தார். பிரேக் பார்த்தேன், எண்ணெய் பார்த்தேன். பின்கதவைத் திறந்தபோது, கூரைக்கு அடியில் குறுக்கே ஓடிய குழாய்க்குப் பஞ்சு வைத்துப் பச்சைப் பட்டுத்துணி சுற்றித் தைத்திருந்தது. ராத்தாவின் தையல்.

"மாப்பிள்ளட தலப்பாகை இடிச்சிரும் எண்டு ராவு முழுக்க இருந்து தெச்சா" என்றார் காக்கா.