சாயத் தெரியாத மிதவை

எட்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்புகிற பெண்ணிடம் என்ன படித்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் கேட்பார்கள். ஜெபசுதாவுக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. சாத்தான்குளத்துக்காரி, நாசரேத்தில் படித்தவள், கணக்கில் கெட்டி. தூத்துக்குடியில் துறைமுக வேலைகளுக்கு வடிவமைப்புக் கணக்குப் போட்டுக்கொடுக்கும் ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் சின்ன அலுவலகத்தில் சேர்ந்து, மற்றவர்கள் வரைந்த படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அண்ணாச்சி ஒரு முழு வேலையை அவள் கையில் கொடுத்தார். இது சொதப்பினால் பழையபடி படம் பார்க்கிற நாற்காலிதான் என்று வாய்விட்டே சொல்லியும்விட்டார்.

படகில் ஏற வருகிறவர்கள் நிற்பதற்கு ஓர் இரும்பு மிதவை. கூட்டம் ஏறினால் தகடு எங்கே எவ்வளவு வளையும் என்று சொல்ல வேண்டும். அதற்கு மிதவையைக் கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் அசைவையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒரேயடியாகத் தீர்க்க அலுவலகக் கம்ப்யூட்டருக்குத் திராணி இல்லை. அதனால் மல்ட்டிகிரிட் என்ற முறை: சின்னத் துண்டுகளாலான நெருக்கமான வலையில் கொஞ்சம் தீர்த்து, மிச்சப் பிழையைப் பெரிய கண்ணி வலைக்கு அனுப்பி, அங்கே குறைத்துத் திரும்பக் கொண்டுவருவது. சுற்றுக்குச் சுற்று பிழை சுருங்க வேண்டும். இவளுடையதோ சண்டிமாடு மாதிரி ஓரிடத்தில் படுத்துக்கொண்டது.

ஒரு வாரம் பார்த்தாள். பொறுமை போய், கணக்கில் கூட்டம் நிற்கிற பக்கத்து விளிம்பு முழுவதையும் அசையாதபடி கட்டிவிட்டாள். பிழை மளமளவென்று இறங்கியது. தகடு தாங்கும் என்று விடை வந்தது. அண்ணாச்சி அப்போதே மிதவை கட்டுகிறவருக்குப் போன் போட்டுச் சரி என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக்கொடுத்தார்.

மறுநாள் காலை அறிக்கைக்காகப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கூட்டம் முழுவதும் ஒரு பக்கம் நிற்கிறது. மிதவை துளிகூடச் சாயவில்லை. கடலில் கால் நனைக்கவே யோசிக்கிற சாத்தான்குளத்துக்காரிக்குக்கூட அது பொய் என்று தெரிந்தது. அவள் கட்டிய விளிம்புதான் பாரத்தைச் சுமந்திருக்கிறது. நிஜத்தில் அங்கே வெறும் தண்ணீர்.

கட்டை அவிழ்த்தாள். மறுபடி அதே சண்டித்தனம். இந்தத் தடவை குறையாத பிழையைத் திட்டாமல், அது எப்படி இருக்கிறது என்று வரைந்து பார்த்தாள். மிதவை வளையாமல், மொத்தமாக ஒருபக்கம் சாய்ந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. இந்த நிரலை அவள் முன்பு பழைய வேலையில் உலைச் சூட்டுக் கணக்குக்கு எழுதியிருந்தாள். சூடு ஏறும், இறங்கும், சாயாது. மிதவை மேலே கீழே போகும், பக்கவாட்டில் நகரும் என்பது பெரிய வலைக்குத் தெரியும். வளையாமலே சாயும், திரும்பும் என்பதை அவள் சொல்லிக்கொடுக்கவே இல்லை. தெரியாத பிழையை அது எப்படிக் குறைக்கும்? அந்தச் சுழற்சிகளையும் சேர்த்துக் கொடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கணக்கு சமர்த்தாக முடிந்தது. மக்ரூனை அண்ணாச்சி இப்போதல்லவா வாங்கியிருக்க வேண்டும்!

ஆனால் விடை மாறிவிட்டது. கரையிலிருந்து நடைபாலம் வந்து சேரும் மூலையில் தகடு தாங்காது. வேலை போனது என்றே நினைத்தாள். பயந்துகொண்டேதான் அண்ணாச்சி முன் போய் நின்றாள்.

"நேத்தே சரின்னு சொல்லிட்டனேம்மா" என்றார் அவர்.

"நேத்துச் சொன்னது என் தப்பு அண்ணாச்சி. நான் கட்டிப்போட்ட ஓரம்தான் பாரத்தைத் தாங்கிருக்கு, தகடு இல்ல."

அண்ணாச்சியின் முகம் கறுத்தது. போனை எடுத்து மிதவை கட்டுகிறவரிடம் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கத்து இரைச்சல் அறை முழுக்கக் கேட்டது. கொஞ்ச நேரம் வாங்கிக்கட்டிக்கொண்டு, போனை அவளிடம் நீட்டினார்.

நேற்று நிற்கலாம் என்றீர்கள், இன்று கூடாது என்கிறீர்கள், எதைத்தான் நம்புவது என்று அந்தக் குரல் கத்தியது.

"நேத்து மிதவை சாயல சார், இன்னைக்குச் சாயுது" என்றாள் ஜெபசுதா. "எம் பிள்ளையள அதுல நிப்பாட்டுததா இருந்தா, நான் இன்னைக்குப் போட்ட கணக்கத்தான் நம்புவேன்."

அப்படியானால் தகடு எவ்வளவு தடிமன் வேண்டும் என்று அந்தக் குரல் கேட்டது. போனை அண்ணாச்சியிடம் கொடுக்கச் சொல்லவில்லை, அவளிடமே கேட்டது.