புழு தூங்கும் நேரத்தில் பதிவான கேசட்

கண் தெரியாத ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுக்கப் பார்த்தார் அந்த மனிதர். பெயரை எழுதவில்லை. படித்தால் அவருக்கே தெரியும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் வாழ வந்த வீட்டில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்தோம். என் நாத்தனாருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போய்விட்டது. அவள் அதற்காக மூலையில் உட்காரவில்லை. சண்டை போட்டுப் படித்து, தர்மபுரியில் காலேஜில் சேர்ந்து, பி.ஏ. வரலாறு கடைசி வருஷத்தில் இருந்தாள். அவளுடைய பாடப் புத்தகங்கள் பிரெய்லில் கிடைக்கவில்லை.

நகரத்தில் கண் தெரியாதவர்களுக்கான ஒரு மையம் இருந்தது. டேப் ரிக்கார்டர், வயர் வைத்த ஒரு மைக், வெற்றுக் கேசட் எல்லாம் இரவல் கொடுப்பார்கள். வீட்டில் யாராவது புத்தகத்தைப் படித்துப் பதிவு செய்து கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் டேப் ரிக்கார்டர் பரீட்சை வரை நம்மிடம் இருக்கும். இல்லாவிட்டால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்த மையத்தின் பொறுப்பாளர்தான் நான் சொல்லும் மனிதர்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். வீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். முதல் கேசட்டை அவர் போட்டுக் கேட்டார். ஆடு கத்தியது. மோட்டார் ஓடியது. பஸ் ஹாரன் அடித்தது. நடுவில் என் மாமியார், "அடுப்புல என்னாடி தீயுது?" என்று கேட்டது வரை விழுந்திருந்தது.

"இது பாடமா, சந்தையா?" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க சார். ஆடு கத்துனா பாடம் மறந்துடாதுங்க," என்றாள் நாத்தனார்.

"எங்களுக்குன்னு ஒரு தரம் இருக்கும்மா. கிராமத்து வீட்ல இதெல்லாம் நடக்கற காரியம் இல்ல. மாசக் கடைசிக்குள்ள சத்தம் இல்லாம ஒரு கேசட் கொண்டுவாங்க. இல்லேன்னா டேப்பைக் குடுத்துடுங்க."

பஸ்ஸில் வரும்போதே எனக்குக் கொதித்தது. நடக்காது என்று சொல்ல இவர் யார்?

வீட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். கரண்டில் ஓட்டினால் 'உர்ர்' என்று ஓர் இரைச்சல் கேசட்டில் விழுந்தது. டார்ச் லைட்டில் இருந்த செல்களைக் கழற்றி டேப்பில் போட்டேன். பலகையில் டேப்பும் மைக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் டேப் சுற்றும் சத்தமும் விழுந்தது. டேப்பைக் கம்பளி மேல் வைத்து, வயர் நீளும் தூரத்துக்கு மைக்கைத் தள்ளி வைத்தேன். பக்கம் புரட்டும்போது பதிவை நிறுத்திவிட்டுப் புரட்டினேன். ஆனால் ஆட்டையும் பஸ்ஸையும் என்ன செய்ய?

அப்போதுதான் புழுக் கொட்டகை நினைவுக்கு வந்தது. தடித்த மண்சுவர், கீற்றுக் கூரை. ஜன்னலிலும் சுவரிலும் சாக்கு தொங்கும். கதவைச் சாத்தினால் வெளியே கொட்டு அடித்தாலும் உள்ளே கேட்காது. கால் கை கழுவிக்கொண்டு உள்ளே போய் ஒரு பாடம் முழுக்கப் படித்தேன். எவ்வளவு அமைதி!

நாத்தனார் போட்டுக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அண்ணி, புழு தின்னறது பூராவும் வுழுந்துருக்குதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயிரக்கணக்கான புழு தழை தின்றால் மழை பெய்கிற மாதிரி சத்தம் வரும். வருஷக்கணக்கில் அதற்குள்ளேயே தழை போட்டுக்கொண்டிருந்ததால் அது என் காதில் ஏறவே இல்லை. புழு வளர்க்கிறவர்கள் மட்டும்தான் இப்படி ஏமாற முடியும்.

"அப்ப அதுங்க தின்னாதப்ப படிங்க," என்றாள் அவள்.

புழு தோலுரிப்பதற்கு முன் தின்பதை நிறுத்திவிடும். தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். தூங்குகிறது என்போம். கடைசித் தூக்கத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. மாசமும் முடியப் போகிறது. அதை விட்டால் வேறு வழியில்லை.

புழு தூங்கிய அன்று மாமியார் கொட்டகை வாசலை மறித்தார். தூங்குகிற புழுவிடம் பேச்சுக் கொடுத்தால் தோல் கழலாது என்பது அவர் நம்பிக்கை. அந்த நேரத்தில் யாரும் கொட்டகையில் இருமக்கூட மாட்டோம்.

"வெள்ளாமை போச்சுன்னா ஆருடி பதில் சொல்றது?"

"நான் சொல்றேன், அத்தை. உங்க மவ படிப்பு போச்சுன்னா ஆரு பதில் சொல்றது? அதைச் சொல்லுங்க மொதல்ல."

மாமியார் மகளைப் பார்த்தார். டேப்பைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். "என்னமோ பண்ணித் தொலைங்க. மெதுவாப் படி," என்று நகர்ந்தார்.

அன்று காலையிலிருந்து படித்தேன். தண்ணீர் குடிக்கக்கூட வெளியே வரவில்லை. புழுக்கள் நன்றாகத் தோலுரித்து எழுந்து, பேய்ப் பசியோடு தழை தின்றன. வெள்ளாமைக்கு ஒரு குறையும் இல்லை.

கேசட்டையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு போனோம். அவர் கேட்டார். முன்னே ஓட்டிக் கேட்டார், பின்னே ஓட்டிக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. முகம் மாறியது.

"எந்த ஸ்டூடியோல பதிவு பண்ணீங்க?"

"எங்க புழுக் கொட்டகையிலீங்க."

"விளையாடாதீங்கம்மா. வீட்ல பதிவு செஞ்சதைத்தான் ஏத்துக்குவோம். காசு குடுத்து வெளியில செஞ்சதை எடுத்துக்க முடியாது."

நாத்தனார் மேஜைப் பக்கம் நகர்ந்தாள். "கேசட்டோட கடைசியைப் போடுங்க சார்," என்றாள்.

போட்டார். என் குரலுக்கு அடியில் லேசாகத் தூறல் விழுகிற சத்தம். முதலில் எழுந்த நாலு தட்டுப் புழுவுக்கு என் வீட்டுக்காரர் பூனை மாதிரி வந்து தழை போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"மழை," என்றார்.

"மழை இல்லீங்க. எங்க வூட்டுப் புழு தின்னுது. எந்த ஸ்டூடியோவுல சார் புழு வளக்கறாங்க?"

இந்தத் தடவை அறையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கேசட்டை வெளியே எடுத்து மேஜையில் போட்டார். "அப்போ சத்தம் இருக்கு. தள்ளுபடி. டேப்பை வெச்சுட்டுப் போங்க."

நான் கேசட்டையும் டேப்பையும் தூக்கிக்கொண்டேன். "பரீட்சை முடிஞ்சதும் கொண்டாந்து தரேன். அதுக்கு முன்னால வேணும்னா போலீஸைக் கூட்டிகிட்டு எங்க ஊருக்கு வாங்க. கொட்டகையையும் பாத்த மாதிரி இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் அவர் கத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை.

போலீஸ் வரவில்லை. புழு கட்டிய பட்டுக்கூட்டை அறுத்த பிறகு காலியாக இருந்த கொட்டகையில் மிச்சப் புத்தகத்தையும் படித்து முடித்தேன். ஆடு கத்திய பழைய கேசட்டையும் சேர்த்தே அவள் கேட்டாள். பாஸ் செய்தாள். அவளுக்குப் பின்னால் வந்த கண் தெரியாத பிள்ளைகளும் அந்தக் கேசட்டுகளை வாங்கிக் கேட்டார்கள். டேப்பைத் துடைத்து, சொன்னபடி திருப்பிக் கொடுத்தேன்.

ஒருவர் 'உன்னால் முடியாது' என்று சொல்லும்போது, பல சமயம் 'நீ முடித்துவிட்டால் எனக்குப் பிடிக்காது' என்பதைத்தான் சொல்கிறார் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு யார் அப்படிச் சொன்னாலும் நான் தலையாட்டிவிட்டு வந்ததில்லை.

ஐயா, நீங்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர் என்று எனக்குத் தெரியும். எத்தனை வீட்டுக் கேசட்டை இப்படித் தள்ளினீர்கள்? சத்தம் இருந்தாலும் தப்பு, இல்லாவிட்டாலும் தப்பு என்றால், கண் தெரியாத பிள்ளைகள் எதைக் கேட்டுப் படித்திருக்க வேண்டும்? எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். இதே பக்கத்தில், எல்லோரும் படிக்கிற மாதிரி, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.