இரும்பு தீரும் வரை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே உள்ள ஒரு சின்னப் பேரூராட்சியில், 1996 தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஜெயித்தவள் ஜரீனா. அவளை நிறுத்தியவர் தாய்மாமன் மதார் சாகிப். ராஜபாளையத்தில் இரும்புக் குழாய்க் கடை வைத்திருந்தார். வாப்பா இறந்தபின் ஜரீனாவைப் படிக்க வைத்ததும், மில்லில் வேலை பார்த்த முத்து முகம்மதுவுக்குக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். ஓட்டுக் கேட்டுப் போனபோதும் அவர்தான் முன்னால் நடந்தார்.

அவள் தெருவில் பாதி வீடுகளில் குழாய் கிடையாது. பேண்டேஜ் துணி நெய்யப் போகிற பெண்கள் தெருமுனையில் குடத்தோடு காத்துக் கிடந்துவிட்டு, தறிக்குப் பிந்திப் போய்த் திட்டு வாங்குவார்கள். வீட்டுக்கு இணைப்பு வேண்டுமானால் இரும்புக் குழாய்தான் போட வேண்டும் என்பது பேரூராட்சியின் கட்டட விதி. அது அவர்கள் கைக்கு எட்டாது. கஷ்டப்பட்டுப் போட்டவர்கள் வீட்டிலும் கொஞ்ச வருஷத்தில் துரு ஏறி, தண்ணீர் காவி நிறத்தில் சொட்டியது.

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் பிளாஸ்டிக் குழாய் ஓடுவதை ஜரீனா பார்த்தாள். விலையோ பாதிக்கும் கீழே. விதியை மாற்றத் தீர்மானம் கொண்டுவருவது என்று முடிவு செய்து, முதலில் மாமாவிடம்தான் சொன்னாள்.

"உங்க யாவாரத்துல கை வைக்கிற மாதிரி ஆயிருமோன்னு இருக்கு மாமா."

"ஊருக்கு நல்லதுன்னா எனக்கென்ன? நீ கொண்டு வா. எவன் தடுக்கான்னு பாப்போம்" என்றார் அவர்.

அந்த வார்த்தையை நம்பி, தெருப் பெண்களிடம், "செத்தப் பொறுங்க. யாரும் அவசரப்பட்டு இரும்பு வாங்கிராதீக" என்று சொல்லிவிட்டாள். வழிமொழிய வெள்ளத்தாய் இருந்தாள். பக்கத்து வார்டு உறுப்பினர். பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு.

கூட்டத்தில் ஜரீனா தீர்மானத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். வெள்ளத்தாய் எழுந்தாள். கையில் ஒரு துண்டுத்தாள்.

"நான் இதை எதிர்க்கேன்" என்றாள். "பிளாஸ்டிக்க எலி கடிச்சிரும். வெயில்ல வெடிச்சிரும். அதுல வர்ற தண்ணியக் குடிச்சா பிள்ளைகளுக்கு நோவு வரும்னு படிச்சவிய சொல்றாக."

ஜரீனா விடவில்லை. எழுந்து, "மண்ணுக்குள்ள பொதைக்கப் போறோம். வெயில் எங்கருந்து படும்? எலி கடிச்சா ஒரு துண்டை மாத்திக்கிரலாம். துருப்பிடிச்சா முழுசாத் தோண்டணும்" என்றாள். தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. ஆதரவாக ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. அது அவளுடையது.

படிக்கட்டில் வெள்ளத்தாயை மறித்தாள். "ஏன்ட்டி இப்படிப் பண்ணே?"

வெள்ளத்தாய் விழித்தாள். "எங்க வீட்டுக்காரர் உங்க மாமா கடையிலதான லோடு அடிக்காரு. மாமா எழுதிக் குடுத்ததைத்தான் வாசிச்சேன். ஜனங்களுக்காக நீ பேருக்குக் கொண்டு வருவே, நாங்க தோக்கடிக்கணும், அம்புட்டுத்தான்னு சொன்னாக. உனக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

மதார் சாகிப்பிடம் கேட்டதற்கு, "எல்லாத்துக்கும் ஒரு காலம் வரணும்மா" என்று மட்டும் சொன்னார். வளர்த்த மனிதரிடம் அதற்கு மேல் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. காத்திருந்த பெண்கள் இனி வேறு வழியில்லை என்று அவர் கடையிலேயே இரும்பு வாங்கிப் பதித்தார்கள்.

1998இல் அதே தீர்மானம் திரும்ப வந்தது. கொண்டுவந்தவள் வெள்ளத்தாய். எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஜரீனா சற்று யோசித்துவிட்டுத் தானும் தூக்கினாள். குழாய் நல்லதுதானே. அந்த மாதமே மாமா கடை வாசலில் பிளாஸ்டிக் குழாய் ஏஜென்சி போர்டு ஏறியது.

கடைக்குப் போய் நின்றாள். அவர் மறைக்கவில்லை.

"கடைக்குப் பின்னாடி கிட்டங்கி நெறைய இரும்பு கெடந்துச்சு. அதை விக்காம நான் எப்படிப் பொழைக்க? சொன்னா நீ கேட்டிருப்பியா?"

"எங்கிட்ட நீங்க கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன் மாமா. நீங்க கேக்கல. என்னையவே வச்சுல்ல வெளையாடிட்டீக."

"ஒன்னைய வளத்தவன் நான்."

"அதான் மாமா தாங்கல" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். அதன்பின் அந்தக் கடைப்படி ஏறவில்லை.

தெரு அவளை நம்பவில்லை. இணைப்புக்காகத் தாலிச்செயின் விற்றிருந்த சுடலையம்மாள் முகத்துக்கு நேரே சொன்னாள்: "மாமனும் மருமகளும் சேந்து நல்லா நாடகம் போட்டீக." இல்லையென்று ஜரீனா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

தன் வீட்டுக்குக் கடைசியாகத்தான் இணைப்பு எடுத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு கடையில் பிளாஸ்டிக் குழாய் வாங்கி, பஸ் கூரையில் கட்டிக் கொண்டு வந்தாள். முத்து முகம்மது வாசலில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தபோது சுடலையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஒனக்கென்ன, மாமா கடையிலருந்து சும்மா வந்திருக்கும்."

"இல்லக்கா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல வாங்கினது."

"சரி சரி" என்று சிரித்துக்கொண்டே அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.