ஒக்பெனியானு கொட்டையில் கை வைத்த நாள்

என் பெரியப்பாவின் மனைவி ஒக்பெனியானு, ஓடைக்கு இந்தப் பக்கம் மருமகள். அந்தப் பக்கம் நாட்டாமை. அவள் பெயருக்கு ‘ஏழை இவளைக் கட்டாதிருக்கட்டும்’ என்று பொருள். கட்டியவர் சைக்கிள் பழுது பார்க்கும் அனீக்வே. பஞ்சர் ஒட்டிய கையோடு பெண் கேட்கப் போனவர். அந்தப் பெயரைச் சொல்லி ஊர் சிரித்தபோதெல்லாம் அவள் மட்டும், “ஏழைதான் கட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. சோம்பேறி கட்டக் கூடாதுன்னு சொல்லல. ரெண்டையும் சேத்துச் சொல்லியிருந்தா இந்த ஊர்ல எந்தப் பொண்ணுக்குமே கல்யாணம் ஆகியிருக்காது” என்பாள்.

எங்கள் ஊரில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பெரியப்பாவின் தங்கைகள் வந்தால் முழங்கால் மடக்கி வணங்கி, அவர்கள் சாப்பிட்ட பிறகே குழம்புச் சட்டி பக்கம் போவாள். ஆஃபோ சந்தையில் பனை எண்ணெய் விற்கும்போதுகூட வாங்குபவர்தான் சத்தம் போடுவார். ஆனால் பிறந்த ஊரான அமாக்புவிலிருந்து ஆள் வந்தால் போதும். வெள்ளைத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டுவாள். அங்கே அவள் உமுவாடாவின் தலைவி. கட்டிக் கொடுத்த இடம் எதுவானாலும், பிறந்த குலத்தின் பெண்கள் எல்லோரும் சேர்ந்த கூட்டம் அது. சாவு, பங்காளிச் சண்டை, மனைவியை அடித்தவன் வழக்கு என்று எதிலும் பாயோடும் சட்டியோடும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தீர்ப்பு வரும்வரை எழ மாட்டார்கள். அந்த வீட்டார்தான் ஆக்கிப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் பல நியாயங்கள் சட்டத்தால் நிலைநின்றவை அல்ல, ஆட்டுக்கறி தீர்ந்துவிடும் என்ற பயத்தால் நிலைநின்றவை. திரும்பி வரும்போது அவள் இலையில் பொதிந்து கொண்டுவரும் புகைபோட்ட கறிக்காக நாங்கள் ஓடைக்கரையில் காத்திருந்தது இன்றும் நாக்கில் இருக்கிறது. அந்தக் கறிக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கண்ணீர் இருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் ருசி குறையவில்லை.

ஊர் வழக்கையெல்லாம் தீர்த்தவளால் தன் தம்பிகள் இருவரின் வழக்கைத் தொட முடியவில்லை. மூத்தவர் ஒகெரேகே, கிழங்கு விவசாயி. இளையவர் ஓசோண்டு, கல்லூரியில் பாடம் சொல்பவர். சாலை போட இடம் பார்க்க வடக்கிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்திருந்தார். அவரை இறந்துபோன தங்கள் அப்பாவின் முன்கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, விருந்துக்கு ஆடு பிடிக்க ஒகெரேகே கொல்லைக்குப் போனார். ஆடு அகப்படவில்லை. எஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்தார். விருந்தாளிக்குப் புரியட்டுமே என்று வந்தவருக்கு முதலில் வைக்கும் கோலாக் கொட்டையை ஓசோண்டு எடுத்து, மூத்தவர் முன்னோரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய வேண்டுதலை இங்கிலீஷில் சொல்லிவிட்டார். ஆட்டுக் காதைப் பிடித்தபடி திரும்பிய அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“டேய், கொட்டைக்கு இங்கிலீஷ் தெரியாதுடா!”

“கடவுளுக்கு எல்லா பாஷையும் தெரியும்ணே.”

“கடவுளுக்குத் தெரியும். நம்ம அப்பனுக்குத் தெரியுமா? செத்தவங்கள அவங்க வீட்டுக்கே கூப்பிட்டு, திருதிருன்னு முழிக்க வெச்சிருக்க நீ!”

சாலை வரவில்லை. ஒப்பந்தக்காரர் பணத்தைத் தின்றதுதான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முன்னோர் கோபித்துக்கொண்டார்கள் என்றே ஒகெரேகே சொல்லித் திரிந்தார். ஆறேழு வருஷம் அண்ணனும் தம்பியும் ஒரே சர்ச்சில் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்து, அயலானை நேசிக்கச் சொல்லும் பிரசங்கத்தைத் தலையாட்டிக் கேட்டார்கள்.

இதற்குள் பெரியம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. டாக்டர் சொன்னதை எங்களுக்கு முன்பே அவள் புரிந்துகொண்டாள். ஒரு நாள் எண்ணெய்ப் பானைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“உன் பீஜோ கார் ஓடுமா?”

“தள்ளினா ஓடும் பெரியம்மா. எங்க போகணும்?”

“அமாக்புவுக்கு. நான் செத்தா என் பொறந்த வீட்டு ஆம்பளைங்க வந்து, மூஞ்சியப் பாத்து, சரின்னு சொன்னாத்தான் நீங்க குழி தோண்ட முடியும். இவனுங்க ரெண்டு கட்சியா வந்தா ஒருத்தன் சரிம்பான், ஒருத்தன் முடியாதும்பான். நான் நடுவுல நாறிக் கெடக்கணுமா? பக்கத்து ஊர் இக்போக்வேய பொணக் கிடங்குல போட்டாங்களே. மழைக்காலமே முடிஞ்சுபோச்சு, அவ தம்பிங்க சண்டை முடியல.”

உமுவாடாவுக்குச் சொல்லி அனுப்பினாள். நாங்கள் போய்ச் சேரும்போது பெண்கள் முன்கூடம் முழுக்கப் பாய் விரித்து, தம்பிகளின் கஞ்சத்தனத்தைப் பற்றிப் புதிதாகக் கட்டிய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். தம்பி மனைவிகள் இருவரும் ஒரே அடுப்பில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். கணவன்மார் பேசாத காலமெல்லாம் அவர்கள் கொல்லைப்புறமாகப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

சம்பந்தி வீட்டு ஆள் வந்திருக்கிறேன். கொட்டை வைக்காமல் பேச்சைத் தொடங்க முடியாது. மரத்தட்டில் கோலாக் கொட்டையும் வெள்ளைக் கத்திரிக்காயும் வேர்க்கடலை விழுதும் வந்தன. சுவரைப் பார்த்துக்கொண்டு ஒகெரேகே சொன்னார்: “இவன் இருக்கற எடத்துல நான் கொட்டையத் தொட மாட்டேன்.”

கூரையைப் பார்த்துக்கொண்டு ஓசோண்டு சொன்னார்: “அவர் தொடாம நான் தொட்டா அதுக்கு இன்னொரு ஆறு வருஷம் ஆகும். எனக்கு வேண்டாம்.”

தட்டு நடுவில் இருந்தது. கத்திரிக்காய் சுருங்கத் தொடங்கியது. பாட்டு நின்றது, அடுத்த பாட்டு தொடங்கி அதுவும் நின்றது. கிழவி ஒருத்தி, “சரி, அடுத்த ஆட்டப் புடிங்கடா” என்று பாயில் சாய்ந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே போனது. மூன்றாம் நாள் காலையில் சுவரோரம் சாய்ந்திருந்த பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தட்டை நெருங்கிக் கொட்டையை எடுத்தாள்.

“அப்பா, பெரியப்பா, சித்தப்பா, எல்லாரும் கேளுங்க. இந்த வீட்டுல ஆம்பளைங்க செத்துட்டாங்க. நானே பிளக்கறேன்.”

எங்கள் மண்ணில் பெண் கோலா மரத்தில் ஏறுவதில்லை, கொட்டையைப் பிளப்பதுமில்லை. ஊரையே உட்கார வைத்து நியாயம் கேட்கும் உமுவாடாவுக்கும் இந்த விரல்நீளப் பண்டத்தின் மேல் அதிகாரம் இல்லை. ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: ‘அது அப்படித்தான்.’ பெண்கள் கூட்டமே வாயைப் பொத்தியது. பெரியம்மா நகத்தைக் கொட்டையின் பிளவில் வைத்தாள்.

“அக்கா!”

இரண்டு தொண்டைகளிலிருந்து ஒரே நேரத்தில் வந்தது. இரண்டு கைகள் பாய்ந்தன. முதலில் வந்து சேர்ந்தது ஓசோண்டுவின் கை. கல்லூரியில் பெண்ணுரிமை பற்றி ஒரு பருவம் முழுக்கப் பாடம் எடுக்கிறவர் அவர்.

“என்னக்கா பண்றே? பைத்தியமா ஒனக்கு?”

“பொம்பள கொட்டைய ஒடைக்கறதா? இந்த வீட்ல?” என்றார் ஒகெரேகே, தம்பியின் முழங்கைக்கு மேல் தன் கையை வைத்து அழுத்தியபடி. அதைக் கவனித்ததும் இருவருமே தயங்கினார்கள். ஆனால் யாரும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் பிளந்துவிடுவாள்.

“விடுங்கடா, வலிக்குது,” என்றாள் பெரியம்மா. “ரெண்டு கை நீட்டியிருக்கு. யாருக்குக் குடுக்க?”

ஓசோண்டு கையை இழுத்துக்கொண்டார். “அண்ணனுக்குக் குடு.”

ஒகெரேகே வேண்டுதலைத் தொடங்கினார். விட்டுப்போன வருஷங்களின் பாக்கியையும் சேர்த்துச் சொன்னார்: பாட்டன்மார் பெயர், மழை, கிழங்கு, பிள்ளைப்பேறு, வராமல் போன சாலை. ஒவ்வொரு வரிக்கும் நாங்கள் ‘இசே’, அப்படியே ஆகட்டும், என்றோம். ஓசோண்டுவின் ‘இசே’ முதலில் முணுமுணுப்பாக இருந்தது. அக்காவின் உடம்புக்காக வேண்டியபோது அவர் குரல்தான் பெரிதாகக் கேட்டது. முடித்ததும் ஒகெரேகே முகத்தைத் திருப்பிக்கொண்டே கொட்டையை நீட்டினார். மூத்தவன் வேண்டுவான், இளையவன் பிளப்பான், அதுதான் முறை.

“பிளந்து குடுடா. சம்பந்தி பசியோட ஒக்காந்திருக்காரு.”

திரும்பும் வழியில் கேட்டேன்: “அவங்க வந்து புடிக்காம இருந்திருந்தா பெரியம்மா?”

“நகம் ஒடஞ்சிருக்கும். மூணு நாளாக் காஞ்சு கல்லு மாதிரி ஆயிடுச்சு அந்தச் சனியன்.”

அடுத்த புழுதிக்காற்றுக் காலத்தில், வானம் வெளிறி உதடு வெடிக்கும் ஒரு காலையில், அவள் இறந்தாள். தம்பிகள் ஒரே வேனில், ஒரே சவத்துணியோடு வந்தார்கள். அன்று நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. ஏன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை, படுத்திருந்த அறைக்கு ஏன் ஜன்னல் சின்னது, சாவுக்குக் கட்டிய மாடு ஏன் கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறது. மூத்தவர் குற்றம் சாட்ட, இளையவர் அதற்கு ஆதாரம் கொடுத்தார். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தொடர்ந்தார். என் பெரியப்பா அனீக்வே கண்ணைத் துடைத்தபடி என் காதில் சொன்னார்: “இவனுங்க சண்டையிலயே இருந்திருக்கலாம்டா.”

வெயில் சாய்ந்த பிறகு உள்ளே போனார்கள். நான் வாசலில் நின்றேன். துணியை ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் பிடித்தார்கள். கரை மேலே வர வேண்டுமா கீழே வர வேண்டுமா என்று உள்ளே ஒரு வாக்குவாதம் கேட்டது. பிறகு துணியை இழுத்துச் சரிசெய்யும் சத்தம் வந்தது.

ஒகெரேகே வெளியே வந்தார். தம்பிக்காக ஒரு கணம் நின்றார். ஓசோண்டு வந்து பக்கத்தில் நின்றதும் எங்களைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தாச்சு. எங்க அக்காதான். தோண்டுங்க.”