குரு வருமுன் வீட்டை வெறுமையாக்குதல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் சமய ஆய்வில் பட்டம் பெற்றிருந்தேன். அதற்கேற்ற வேலை கிடைக்கவில்லை. பகலில் கனடாவின் பிறம்ரன் நகரில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கினேன். மாலையில் வாடகைக் குடியிருப்போருக்கு உதவும் நிலையமொன்றில் தொண்டாற்றினேன். பட்டத்துக்காக எழுதிய ஆய்வு, பண்டைய யூதச் சட்டத்தில் தோல் நோயும் தீட்டும் பற்றியது. அச்சட்டத்தில் மனிதத் தோலைப் பார்ப்பவரும் வீட்டுச் சுவரைப் பார்ப்பவரும் ஒரே ஆலயக் குருதான். இரண்டிலும் படர்வதை ஒரே பெயரால் அது அழைத்தது. குரு வாய் திறந்து சொல்லும்வரை எதுவும் தீட்டில்லை.

நிலையத்தில் உதவி கேட்ட, மன்னாரிலிருந்து வந்த ஓர் அக்கா, அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழான தளத்தில், தன் மகளுடன் இருந்தார். சிறுமியின் முழங்கை மடிப்புகளில் சொறி. அவள் கட்டிலருகே சுவரில் பச்சையும் கறுப்புமாய்ப் பூஞ்சணம். மேல்தளத்தில் இருந்த வீட்டுக்காரரிடம் அக்கா என்னை அழைத்துச் சென்றார்.

“கனடாவில சுவருக்கும் சளி, தடிமன் பிடிக்கும், பிள்ளை. வெயிலுக்குக் காய்ஞ்சிடும்,” என்று அவர் சிரித்தார்.

நகரசபைக்கு அறிவித்தால் பரிசோதகர் வருவார். சுவரைப் பார்ப்பவர், போதிய வாசலோ சன்னலோ இல்லாததையும் பார்ப்பார். குடியிருக்க அனுமதியற்ற இடம் என்று மூடச் சொல்வார். அக்காவுக்குப் போக இடமில்லை. அறிவிக்காவிட்டால் பிள்ளை அந்தச் சுவரோடுதான் படுக்க வேண்டும்.

“நீர் படிச்சனீர், சொல்லும். கூப்பிடுறதோ, விடுறதோ?” என்றார் அக்கா.

எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னேன். குரு நுழையுமுன் வீட்டிலுள்ள அனைத்தையும் வெளியே எடுத்துவிட வேண்டும். அவர் தீர்ப்புச் சொல்லும்போது உள்ளே இருக்கும் பானையும் பாயும் சேர்ந்தே தீட்டாகிவிடும்; வெளியே எடுத்தவை தப்பும். ஏழையின் பானைக்காகத் தீர்ப்பு காத்திருக்கும்.

“உம்மட குருவானவர் கெட்டிக்காரர்தான். அப்ப முதல்ல ஒரு அறை பாப்பம்.”

வேலை முடிந்த கையோடு பஸ் மாறி மாறி அலைந்தோம். பிள்ளை இருக்கிறது என்றதும் பலர் மறுத்தார்கள். பனி உருகும் காலத்தில், அதே நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அறை கிடைத்தது. அங்கே போனபின் சிறுமியின் சொறி மெல்ல ஆறத் தொடங்கியது. அதன் பிறகே அக்காவின் பெயரில் நகரசபைக்கு அறிவித்தேன்.

பரிசோதகர் வரும் நாளில் நானும் போனேன். வீட்டுக்காரர் சுவரைச் சுரண்டி, பெயின்ற் அடித்து, வேறொரு குடும்பத்தைக் குடிவைத்திருந்தார். கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய் கதவைத் திறந்தாள். பரிசோதகர் இன்னும் மேலேதான் பேசிக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. நாங்கள் நேற்றுத்தான் வந்தனாங்கள்,” என்றாள் என்னிடம்.

பெயின்ற் மணத்துக்கு அடியில் பழைய ஈரம் மணத்தது. பூசிய சுவரில் நோய் திரும்பினால் வீட்டை இடிக்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. அதற்குள் இன்னொருவர் குடிவந்துவிட்டால் என்ன செய்வதென்று நான் அதில் எங்கும் படித்ததில்லை.

மேலே சென்று பரிசோதகரிடம், முறைப்பாடு செய்தவர் வீடு மாறிவிட்டார், இப்போதைக்கு நிறுத்திவையுங்கள் என்றேன். பார்க்க வேண்டிய வேறு வீடுகள் அவருக்கு இருந்தன, உடனே போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை, இளம் தாயோடு மறுபடியும் அறை தேடிப் புறப்பட்டேன். குழந்தையை நானே தூக்கிக்கொண்டேன்.