அந்தோனியின் படகை இழுக்க ஆளில்லை

கூட இருந்தவர்களே திடீரென்று பகையாகிப் பாய்வதை ஆங்கிலத்தில் ‘டேர்ன் ஒன்’ என்பார்கள். வகுப்பில் அதற்கு, சோறு போட்டவரையே கடிக்கும் நாயை உதாரணம் சொல்வேன்.

இன்று பள்ளிமுனைக் கரையில் வேறு உதாரணம் கண்டேன்.

வெடி போட்டு மீன் பிடிப்பவர்களைப் பற்றி மீனவர் அந்தோனி நேற்றுப் பொலிசில் முறையிட்டிருந்தார். யார் படகு வந்தாலும் எல்லோருமாக இழுத்து ஏற்றுவது இங்கே வழக்கம். இன்று கரையில் நின்ற மீனவர்கள் அவர் படகைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

“ஒருக்கா கை குடுங்கோவன்!” என்றார்.

“பொலிசைக் கூப்பிடுங்கோ அண்ணை, அவை வந்து இழுப்பினம்” என்றான் கூட்டத்தில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் போய்ப் படகைப் பிடித்தேன். என்னிடம் படித்த ஒருவன் அருகில் வந்து மெதுவாகச் சொன்னான்: “சேர், நீங்கள் தனிய இருக்கிற மனுசன். வீட்டை போங்கோ.”

அக்கறையில்தான் சொல்லியிருப்பான், இல்லையா?